மருமவன் பார்த்த வண்டி

அத்தியாயம் பதினொன்று

ஆரல்வாய்மொழிக் காற்று ஜாஸ்மியின் துப்பட்டாவைப் பிடுங்கி முகத்தில் அறைந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, லாரியின் பின்பக்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த வெள்ளை வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பைய விடும் தம்பி… பைய… இன்னும் கொஞ்சம் எடது பக்கம்…"

லாரிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய அப்பா ரசலையன். சொல்லாமலே அவன் இறக்கிவிடுவான். ஆனாலும் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

கத்தாரில் ஜெனின் வேலை பார்த்த கம்பெனி மூடியதும், அவன் பெட்டியும் கையுமாகக் குலசேகரத்துக்கு வந்து சேர்ந்ததும், திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு வண்டி வாங்குவதென்று வீட்டில் முடிவானதும் நீங்கள் அறிந்ததுதான். மார்த்தாண்டத்தில் காட்டிய வண்டிகளில் ஒன்றுகூட ரசலையனுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளட்சில் கால் வைத்தவுடனே நூறு குறை சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர், சென்னையில் ஏதோ ஒரு கடையில் நிற்கும் பழைய வண்டியை செல்ஃபோன் படத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார் என்றால், அதற்குக் காரணம் மருமகன் டெனிஷ்.

டெனிஷுக்குச் சென்னையில் வேலை. ஜாஸ்மிக்கு மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை. அவன் அங்கேயும் அவள் பெற்றவர்கள் வீட்டிலுமாகக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. "நான் நேர்ல போய் ஓட்டிப் பாத்தேன் மாமா. பட்டு மாதிரி போவுது. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று அவன் ஃபோனில் சொன்னான். ரசலையன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்.

ஜெனின் மட்டும் முரண்டு பிடித்தான். நானும் ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். அதற்கு ஜாஸ்மிதான் வீடே அதிரும்படி கத்தினாள். "எனக்க வீட்டுக்காரரு பாத்தது உனக்குப் போதாதா? அவருக்க கண்ணு கண்ணில்லியா?" அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

இதோ, வண்டி வந்துவிட்டது. இவ்வளவு நீள லாரி ஊருக்குள் வராது, இங்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று லாரிக்காரன் சொன்னதால், காலையிலேயே நான்கு பேரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். "மொத ஓட்டத்துல நான் இல்லாம எப்படி?" என்று ஆஸ்துமா இழுப்பையும் மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் அம்மா ராகேலும் கிளம்பி வந்துவிட்டாள்.

ராகேல் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. எல்லோரும் அவள் ஆமென் சொல்லும்வரை காத்து நின்றார்கள். லாரிக்காரன்கூடத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நின்றான்.

ஜாஸ்மி பின்கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து சென்ட் வாசனை ஒரு அலையாக வந்து மூக்கில் ஏறியது. ஏ.சி. வாயில் ஒன்று, கண்ணாடியில் தொங்குவது ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று என்று எங்கே பார்த்தாலும் சென்ட் குப்பி.

"என்னத்துக்கு இவ்வளவு சென்ட்?"

லாரிக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தச் சென்டுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மழைக்காலம் முழுக்க அடைத்துப் போட்ட அலமாரியைத் திறந்தால் வருமே, அது. ஜாஸ்மி இன்னொருமுறை முகர்ந்தாள். அதற்குள் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஜெனின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டிருந்தான். "அப்பா, பாட்டுப் பொட்டி வேல செய்யல்ல."

"பாட்டு கேக்கவா வண்டி வாங்கினோம்?"

"வலது பக்க ஜன்னலும் பாதிக்கு மேல எறங்கல்ல. அப்பா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. நாகர்கோயில்ல அனீஷுக்க ஒர்க்‌ஷாப்பு இருக்கு. ஒருக்கா காட்டிட்டு வீட்டுக்குக் கொண்டு போவோம்."

"மருமவன் ஓட்டிப் பாத்த வண்டிய அனீஷு பாத்து என்ன சொல்லப்போறான்?" ரசலையன் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினார். "எறங்குலே. அங்கோட்டு மாறி இரி."

ஜெனின் அக்காவைப் பார்த்தான். நீயாவது சொல்லேன் என்பதுபோல் இருந்தது பார்வை. ஜாஸ்மிக்கு அந்த வாடை இன்னும் மூக்கிலேயே நின்றது. ஆனால் இப்போது வாய் திறந்தால் போன வாரம் போட்ட சண்டையைத் தானே தின்ன வேண்டியிருக்கும்.

"கேறுலே ஜெனின்" என்றாள். "நேரமாவுது."

*

நாகர்கோவில் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு, ரசலையன் வாலிபம் திரும்பியவர் மாதிரி ஓட்டினார். எதிரே வந்த அரசு பஸ் ஒன்றுக்கு ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். அந்த டிரைவர் திரும்பக் கை காட்டியதும் அவர் முகத்தில் பூத்த சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்த ராகேல், மகளின் தொடையைக் கிள்ளினாள்.

"கண்டியா உங்கப்பன? கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிச் சிரிக்கல்ல."

வில்லுக்குறி தாண்டியதும் டேஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்றாக அணைந்தன. என்ஜின் இருமி நின்றது. இருந்த வேகத்திலேயே ரசலையன் வண்டியைச் சாலையோரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். வேறு யாராவது ஓட்டியிருந்தால் பின்னால் வந்த டாரஸ் லாரி மேலே ஏறியிருக்கும்.

அப்பாவும் மகனும் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. ஜாஸ்மி தட்டிக் கூப்பிட்டதும் ஜெனின் வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டான்.

"அம்மா, எறங்கிறியா? காத்தாட நிக்கலாம்."

"மூட்டு ஒத்துழைக்காது மக்களே. நான் இஞ்சயே இருக்கேன். குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் மட்டும் வாங்கிட்டு வா."

ஜாஸ்மி இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச தூரத்தில் தெரிந்த பெட்டிக்கடைக்கு நடந்தாள். தண்ணீர் பாட்டிலோடு திரும்பிப் பாதிவழி வந்திருப்பாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக். டக்.

வண்டியின் நான்கு கதவுப் பூட்டுகளும் தாமாக விழுந்தன. எழுந்தன. மறுபடியும் விழுந்தன. அப்படியே நின்றுவிட்டன.

ரசலையன் சாவியில் இருந்த பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. சாவியைக் கதவுத் துளையில் விட்டுத் திருப்பினார். அது சும்மா சுற்றியது.

"அம்மா, கதவுக்க மேல இருக்கிய குமிழ மேலோட்டுத் தூக்கு!" ஜெனின் கண்ணாடியில் தட்டிக் கத்தினான்.

ராகேல் தூக்கப் பார்த்தாள். வாதம் பிடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. கைப்பிடியை இழுத்தாள். அது வெறுமே வந்தது. இடுப்பில் மாட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைவது தெரிந்தது. குரல் சரியாகக் கேட்கவில்லை.

ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து நூலாகப் புகை எழும்பியது.

ஜாஸ்மி ஓடி வந்தாள். பாட்டில் எங்கே விழுந்ததென்று அவளுக்கே தெரியாது. "அப்பா, பொக! பொக வருது!"

"இரு… இரு… பேட்டரிக்க வயர எடுத்துவிட்டா…" ரசலையன் முன்பக்கம் ஓடினார். வயரைக் கையால் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. "லேய் ஜெனின், ஸ்பானர் கெடக்கா பாரு!"

"எல்லாம் உள்ளயில்லா கெடக்கு!"

ராகேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. மருந்து பம்ப் வைத்திருந்த பை முன்சீட்டுக்குக் கீழே கிடந்தது. அவள் கைக்கு எட்டவில்லை.

ஜாஸ்மி சாலையோரத்தில் கல் தேடினாள். இரண்டு கைக்கும் அடங்காத ஒரு கருங்கல் கிடந்தது. தூக்கினாள்.

"ஏட்டி! என்ன செய்யிய? கண்ணாடிய ஒடைக்காத! ஒரு நிமிஷம் இரு, நான் எப்படியாவது…" ரசலையன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாறுங்கப்பா."

"புது வண்டி மக்களே!"

"மாறுங்கண்ணு சொன்னேன்லா!"

வாழ்நாளில் அப்பாவிடம் அவள் அப்படிக் கத்தியதில்லை. அவர் நின்றுவிட்டார்.

அம்மா உட்கார்ந்திருந்தது இடது பக்கம். ஜாஸ்மி வலது பக்கம் சுற்றிப் போனாள். "முகத்தப் பொத்திக்கோம்மா!" என்று கூவிக்கொண்டே கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள். முதல் அடிக்கு அது துள்ளி அவள் காலடியில் விழுந்தது. எடுத்து மறுபடி அடித்தாள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து சீட்டெல்லாம் கொட்டியது. புகை வெளியே வந்தது.

ஜெனின் கையை உள்ளே விட்டுக் குமிழைப் பிடுங்காத குறையாகத் தூக்கிக் கதவைத் திறந்தான். ஜாஸ்மி கண்ணாடித் துண்டுகள் மேலேயே முட்டியிட்டு ஏறினாள். பெல்ட் கழலவில்லை. தளர்த்தியாவது அம்மாவை உருவிவிடலாமென்று பிடித்து இழுத்தாள். சுருளுக்குள் இருந்தது முழுக்க நீண்டு வெளியே வந்தது. அந்த இடைவெளியில் அம்மாவைக் குனிய வைத்து, உருவி எடுத்து, அக்காளும் தம்பியுமாக இழுத்து வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஜெனின் எடுத்து வந்த பம்பை இரண்டுமுறை அழுத்தியதும் ராகேலுக்கு மூச்சு ஓரளவு அடங்கியது. பெட்டிக்கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ரசலையன் மனைவியின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, தன் துண்டால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஜாஸ்மி தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் மண். பழுப்பு நிறத்தில், மாவாக உலர்ந்த மண்.

புகை அடங்கியிருந்த வண்டிக்குத் திரும்பிப் போனாள். பெல்ட் சீட்டின் மேல் கிடந்தது. வெளியே தெரியும் பாதி கறுப்பாகப் பளபளத்தது. சுருளுக்குள் இருந்த மீதி முழுக்கச் சேறு காய்ந்து வரிவரியாக அப்பியிருந்தது. தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தாள். அடியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. அதிலிருந்து வந்தது அதே அலமாரி வாடை. இப்போது அதை மறைக்க எந்தச் சென்டாலும் ஆகவில்லை.

"வெள்ளம் கேறின வண்டி" என்றான் பின்னால் வந்து நின்ற ஜெனின். "முங்கிக் கெடந்துருக்கு. கழுவித் தொடச்சி, சென்ட் அடிச்சி நம்ம தலையில கெட்டியாச்சு." அவன் குரல் ஏறியது. "நான் போய்ப் பாக்கேண்ணு சொன்னேன். சொன்னேனா இல்லியா? நீ என்ன சொன்ன? அவருக்க கண்ணு கண்ணில்லியாண்ணு கேட்ட. இப்ப சொல்லு, கண்ணா அது? பெல்ட்ட ஒரு இழுப்பு இழுத்தாத் தெரியும். ஓட்டிப் பாத்த மனுசன் பெல்ட்டுகூடப் போடல்லியா?"

அவன் கேட்டதைத்தான் ஜாஸ்மியும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மருமவன ஒண்ணும் சொல்லாதலே" என்றார் ரசலையன். சொல்லும்போதே சத்தம் இறங்கிவிட்டது. "அவரையும் ஏமாத்திருப்பானுவ."

"இன்னுமாப்பா?" ஜெனின் கத்தினான். "அம்மை உள்ள கெடந்து சாவப் போனா! இன்னும் அவருக்குப் பரிஞ்சா பேசுதிய?"

"சண்ட போடாதங்க" என்றாள் ராகேல் மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கு ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. உதடு வெளிறிப் போயிருந்தது. ஜெனின் வழியில் வந்த ஆட்டோவை மறித்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு தக்கலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஜாஸ்மி டெனிஷை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். துண்டித்துவிட்டு, 'மீட்டிங்' என்று ஒரு சொல் அனுப்பினான்.

அவள் அடுத்தபடியாக அந்தச் சென்னைக் கடைக்காரனை அழைத்தாள். அவன் உடனே எடுத்தான்.

"சொல்லுங்க மேடம்! வண்டி வந்து சேந்துச்சா? சந்தோஷம்தானே?"

"வண்டியில வெள்ளம் கேறியிருக்கு."

"என்ன மேடம்? புரியல."

"தண்ணி! தண்ணியில முங்கிக் கெடந்த வண்டிய எங்களுக்குத் தந்துருக்கிய!"

ஒரு நொடிதான் தயங்கினான். "மேடம், மழையில ரோட்டுல நின்ன வண்டின்னா கொஞ்சம் தண்ணி படத்தான் செய்யும். எல்லாத்தையும் சுத்தம் பண்ணித்தான் குடுத்திருக்கோம்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க யாரும் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

"எனக்க அம்மை உள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிக் கெடந்தா. கல்ல எடுத்துக் கண்ணாடிய ஒடச்சு வெளிய எடுத்தோம். கேக்கல்லியாம்! ஒருத்தன் சாவுறதுக்கு முன்ன உம்மகிட்ட வந்து கேட்டுட்டுச் சாவணுமா?"

"மேடம், மரியாதையாப் பேசுங்க. கண்ணாடி ஒடச்ச வண்டிய நாங்க திரும்ப எடுக்க முடியாது. அது உங்க பொறுப்பு."

"எடுக்க வைக்கேன். போலீசுக்குப் போவேன். உம்ம கட வாசல்ல வந்து இருப்பேன். எனக்க வீட்டுக்காரரு வந்து ஓட்டிப் பாத்தப்ப அவருகிட்ட இதச் சொன்னீரா?"

"யாரு மேடம்?"

"டெனிஷ். உம்மகிட்ட வண்டி பேசினவரு."

"அவரு எங்க வந்தாரு?" கடைக்காரன் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. அதுதான் அவளை நிறுத்தியது. "நாங்க ரெண்டு மூணு வாட்டி கூப்டோம் மேடம். நேர்ல வந்து பாத்துடுங்க சார்னு சொன்னோம். நான் சென்னையில இல்ல, வீடியோ அனுப்புங்க, ஊர்ல எல்லாருக்கும் அது போதும்னு அவருதான் சொன்னாரு. இந்த வண்டிய உங்க வீட்டுலேந்து யாருமே வந்து பாக்கல மேடம். நாங்களும் என்னடா இதுன்னு பேசிக்கிட்டோம்."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். உச்சி வெயிலில் சாலை நெளிந்தது. லாரிகள் அடித்துக்கொண்டு போன காற்றில் வண்டியின் உடைந்த ஜன்னலிலிருந்து இன்னும் இரண்டு துண்டு உதிர்ந்தன.

சென்னையில் இல்லையா?

பட்டு மாதிரிப் போகிறது என்று சொன்னானே. கியர் மாற்றும்போது கொஞ்சம் இறுக்கம், அது பழகிவிடும் என்றுகூடச் சொன்னானே. பார்க்காத ஒன்றைப் பற்றி ஒரு மனிதனால் இவ்வளவு சொல்ல முடியுமா? அந்தச் சொல்லை நம்பி அவள் தம்பியோடு மல்லுக்கு நின்றாள். அந்தச் சொல்லில் ஏறித்தான் அம்மா இன்று புகைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை.

ஃபோன் அடித்தது. டெனிஷ்.

"சொல்லு ஜாஸ்மி. மீட்டிங்கில இருந்தேன். வண்டி வந்தாச்சா? எப்படி, மாமாக்குப் பிடிச்சிதா?"

"நீங்க வண்டிய ஓட்டிப் பாத்தியளா?"

"இதென்ன கேள்வி? பாத்தேன்லா. அன்னைக்கே சொன்னேனே."

"எந்தப் பக்கம் ஓட்டினிய?"

"அது… அவனுக்க கடைக்க பக்கத்துல ஒரு ரவுண்டு. ஏன்? என்னாச்சு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவன் குரலுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் கணீரென்று கேட்டது.

"தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவெள! சீட்டு இருக்கு, கேறு, கேறு! தக்கலை, மார்த்தாண்டம்…"

ஜாஸ்மி பஸ் டிரைவரின் மகள். சின்ன வயதில் அப்பாவின் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவள். இந்த வரிசையில் ஊர்ப்பெயர் சொல்லி ஆள் கூப்பிடும் பஸ் ஸ்டாண்ட் சென்னையில் இல்லை. அது நாகர்கோவில் வடசேரி. இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது.

"நீங்க இப்ப எங்க நிக்கிய?"

"ஆபீஸ்ல. வேற எங்க நிப்பேன்?"

"உங்க ஆபீஸ்ல எதுக்குக் கண்டக்டரு களியக்காவெளைக்கு ஆளு கூப்பிடுதாரு?"

கண்டக்டர் மட்டும் இன்னொருமுறை மூன்று ஊரையும் சொல்லிவிட்டு விசிலடித்தார்.

"ஜாஸ்மி… நான் உன்கிட்ட சொல்லணும்ணுதான் இருந்தேன்."

"என்னத்த? வண்டிய பாக்கல்லேங்கிறதயா? சென்னையிலயே இல்லேங்கிறதயா? எத சொல்ல இருந்திய?"

"வேல போயிட்டு. எப்படிச் சொல்லதுண்ணு…"

"எப்ப?"

அவன் சொல்வதற்குள் அவளே மாதங்களை எண்ணிவிட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கல்லேண்ணு சொன்னியளே. அப்ப எங்க இருந்திய? இஞ்சயா? நான் அம்மைக்கும் அப்பாக்கும் பதில் சொல்ல முடியாம, ஆராதனைக்குத் தனியாப் போய் இருந்துட்டு வந்தேனே. நீங்க இருவது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தியளா?"

"ஃபோன்ல வேண்டாம். நான் வெளக்கமாச் சொல்லுறேன்…"

"வேல போனா போவட்டு. எனக்க தம்பிக்கும்தான் வேல போச்சு. அவன் வீட்டுக்கு வந்து சொன்னான். நாங்க என்ன அவனத் தள்ளியா வச்சோம்? உங்களுக்கு வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியல்ல. ஆனா இல்லாத வண்டிக்கு இல்லாத கியர் மாத்தி எனக்க அப்பாக்குக் கத சொல்ல முடிஞ்சுது!" அவள் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து இன்னும் சூடாக எழுந்தது. "எனக்க அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. உங்களாலதான். நில்லுங்க அங்கயே. நான் வாறேன். ஒரு அடி மாறப்பிடாது."

வெட்டினாள்.

திரும்பினால், ரசலையன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் வண்டிச் சாவி.

"வடசேரியிலயா நிக்கியாரு?"

அவள் தலையாட்டினாள்.

அவர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஜெனின் அழைத்தான். அம்மாவுக்கு மருந்துப் புகை வைத்திருக்கிறார்கள், பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, சாயங்காலம் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்றான். "செரி மக்கா, நீ கூடவே இரி" என்று மட்டும் சொன்னார் ரசலையன்.

நாகர்கோவில் பஸ் வந்தது. ஜாஸ்மி நடு ரோட்டுக்கே போய்க் கையை நீட்டினாள். நிறுத்தம் இல்லாத இடம். இருந்தாலும் டிரைவர் நிறுத்தினார். ஏறி முன்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

"வடசேரி."

"ஒரு ஆளா?"

"ரெண்டு" என்றது பின்னால் ஒரு குரல்.

ரசலையன் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அப்பா? வண்டி?"

"கெடக்கட்டு."

"பூட்டல்லியா?"

"எதப் பூட்ட? எவனாவது எடுத்துட்டுப் போனாக் கொள்ளாம்." அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் ஒரு வண்டியைக்கூட வழியில் விட்டுவிட்டு வராத மனிதர். ஜன்னல் வழியாகக்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நகர்ந்தது. வில்லுக்குறியில் ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள்.

பார்வதிபுரம் பாலம் தெரியும்போது ஜாஸ்மியின் ஃபோன் நடுங்கியது. டெனிஷிடமிருந்து செய்தி.

'நீ மட்டும் வா. மாமாவும் ஜெனினும் வேண்டாம். இஞ்ச நான் தனியா இல்ல.'

அவள் அதை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு ஃபோனை அப்பா முன்னால் நீட்டினாள்.

ரசலையன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் தோள் பக்கம் குனிந்தார்.

"ஆக்சிலேட்டரக் கொஞ்சம் நல்லாச் சவுட்டி விடும்" என்றார்.